வாளியும் வருகிறது, மூட்டையும் வருகிறது!

பேரிடர் நடந்த ஊருக்கு ஓடி வருபவர்களில் தேவாலயத் தொண்டர்கள் எப்போதும் உண்டு. அவர்கள் கொண்டுவருவது துணையா, சுமையா?

முதுகின் இரு பக்கமும் பெட்டிகள் கட்டிய கோவேறு கழுதைகள் வரிசையாக மலை ஏறுகின்றன. சில நாள்களுக்கு முன்புவரை தார்ச்சாலை இருந்த இடத்தில் இப்போது சேறும், வேரோடு பெயர்ந்த மரங்களும், பாதி புதைந்த கார்களும்தான் கிடக்கின்றன. பெட்டிகளுக்குள் குடிநீர், உணவு, குழந்தைகளுக்கு டயப்பர், சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின். இடம், அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் பிளாக் மவுண்டன், ஸ்வானனோவா பக்கத்து மலைக் குடியிருப்புகள். காலம், 2024 அக்டோபர் முதல் வாரம்.

அடிவாரத்தில் தேவாலயங்களின் கார் நிறுத்துமிடங்கள் நெரிபடுகின்றன. மஞ்சள் சட்டை போட்ட பாப்டிஸ்ட் சபைத் தொண்டர்கள், பலர் பணி ஓய்வு பெற்றவர்கள், நடமாடும் சமையற்கூடத்தில் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்துச் சூடு ஆறாத பெட்டிகளில் அடைத்து வண்டியேற்றுகிறார்கள். அதே வளாகத்தின் இன்னொரு மூலையில், எங்கிருந்தோ வந்த வண்டிகள் இறக்கிவிட்டுப் போன பழைய துணி மூட்டைகள். பிரிக்க ஆளில்லை. வைக்க இடமில்லை. 'துணி போதும், இனி அனுப்பாதீர்கள்' என்று நிவாரண மையங்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஹெலீன் சூறாவளி 2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரையேறியது. கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் அப்பலாச்சியன் மலைகளில்தான் அதன் கொடூரம் உச்சம் தொட்டது. வட கரோலைனாவில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆஷ்வில் நகரத்தில் குழாய்த் தண்ணீரை மீண்டும் நம்பிக் குடிக்க 53 நாள் ஆனது. அரசு எந்திரம் எட்ட முடியாத பள்ளத்தாக்குகளுக்கு முதல் சில நாள்களில் கை கொடுத்தவர்களில் சபையார் கணிசம். அவர்களின் வாசலிலேயே அந்த மூட்டைகளும் குவிந்தன.

ஒரே விசுவாசம், ஒரே இரக்கம். ஒரு பக்கம் சோறாகிறது, இன்னொரு பக்கம் குப்பையாகிறது. ஏன்?

பயணம் போகும் சபைகள்

அமெரிக்கத் தேவாலயங்களில் 'மிஷன் ட்ரிப்' என்பது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம். வாலிபர் குழுவோ, பெரியவர்கள் குழுவோ, ஒரு வாரம் பத்து நாள் விடுப்பெடுத்து, சபையில் பணம் திரட்டி, கஷ்டப்படும் ஊருக்குப் போய் உழைத்துவிட்டு வருவார்கள். வெளிநாடுகளுக்கு மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 16 லட்சம் பேர் இப்படிப் போவதாக பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராபர்ட் வுத்நோ 2005ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து மதிப்பிட்டார். உள்நாட்டில் புயல், வெள்ளம், சூறாவளிக்குக் கிளம்புபவர்கள் தனி.

இந்தக் கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததும் ஒரு புயல்தான். 1969இல் மிசிசிப்பிக் கரையைத் தாக்கிய கமீல் சூறாவளியின்போது ஒவ்வொரு அமைப்பும் தன் போக்கில் இறங்கியது. சில இடங்களில் எல்லோரும் ஒரே பொருளைக் கொடுத்தார்கள். சில இடங்களுக்கு யாருமே போகவில்லை. அடுத்த ஆண்டே தொண்டு அமைப்புகள் சேர்ந்து ஒரு தேசியக் கூட்டமைப்பை உருவாக்கின. அதில் சரிபாதிக்கு மேல் சமயம் சார்ந்த அமைப்புகள்.

ஆளுக்கொரு வேலை

இந்த ஏற்பாட்டின் பலம் எளிமையானது. எல்லாச் சபையும் எல்லாவற்றையும் செய்வதில்லை. ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதிலேயே கைதேர்ந்துவிடுகிறார்கள்.

தெற்கத்திய பாப்டிஸ்ட்களின் வேலை சமையல். 1967இல் டெக்சாஸில் பியூலா சூறாவளி அடித்தபோது தகர டப்பா அடுப்புகளில் சோறாக்கத் தொடங்கியவர்கள், 2005இல் கேத்ரீனா சூறாவளி வந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாப்பாடு போட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கம் பொருள் தரும், வண்டியில் விநியோகிக்கும், சமைப்பது இவர்கள். வெள்ளம் புகுந்த வீட்டில் சேற்றை வாரி, ஊறிப்போன ஜிப்சம் பலகைகளைப் பெயர்த்து, பூஞ்சை மருந்து அடிக்கும் 'மட் அவுட்' வேலையும் இவர்களுடையது. பயிற்சி எடுத்து அடையாள அட்டை வாங்கியவர்களே முன்வரிசையில் நிற்பார்கள்.

1950இல் கான்சஸ் மாநிலத்தின் ஹெஸ்டன் ஊரில் தொடங்கிய மென்னோனைட் பேரிடர் சேவைக்குத் தச்சு வேலையும் வீடு கட்டுவதும். டி.வி. கேமராக்கள் எல்லாம் கிளம்பிய பிறகுதான் இவர்களின் முக்கியமான வேலை ஆரம்பமாகும். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்கில் தங்குவார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட்கள் கிடங்குக்காரர்கள். வந்து குவியும் நன்கொடைப் பொருளைப் பிரித்து, எண்ணி, கணக்கெழுதி, கேட்கும் இடத்துக்கு அனுப்புவது இவர்களின் தனித்திறமை.

மெதடிஸ்ட்களுக்கு வாளி, வெள்ளம் புகுந்த வீட்டைச் சுத்தம் செய்யும் பொருள்கள் நிரப்பியது. லூசியானாவின் பால்ட்வின் என்ற சிற்றூரில், ஒருகாலத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளியும் அநாதை இல்லமும் இருந்த வளாகத்தில், அவர்களின் சேகர் பிரவுன் கிடங்கு இருக்கிறது. பல மாநிலங்களிலிருந்து சபையார் வந்து தங்கி, வரும் வாளி ஒவ்வொன்றையும் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டு, குறைந்ததை நிரப்பி, மிகுந்ததை எடுத்து, மறுபடி மூடி அடுக்குகிறார்கள். புயல் கரையேறும் முன்பே லாரி தயாராக நிற்பதற்கு இந்தச் சலிப்பூட்டும் வேலைதான் காரணம்.

பெட்டிச் செய்தி: வாளிக்குள் என்ன?

• 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் கொள்ளும் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. சுத்தம் செய்யும்போது இதுவும் பயன்படும்.
• உள்ளே: சலவைத் திரவம், வீட்டைக் கழுவும் திரவம், பாத்திரம் துலக்கும் சோப்பு, தேய்ப்பான், ஸ்பஞ்ச், பிரஷ், துடைக்கும் துணிகள்.
• கொடிக்கயிறு, கிளிப்புகள், கனமான குப்பைப் பைகள், முகக்கவசம், இரண்டு வகைக் கையுறைகள், பூச்சி விரட்டி.
• கூடாதவை: பட்டியலில் இல்லாத எதுவும். கடிதம், பணம், துண்டுப்பிரசுரம் வைக்கக் கூடாது.
• இதே கிடங்குக்கு வரும் தனிநபர் சுகாதாரப் பையில் டூத் பேஸ்ட்டை அனுப்புபவர்கள் வைப்பதில்லை. அது காலாவதியாகும் பொருள் என்பதால் கிடங்கே மொத்தமாக வாங்கிக் கடைசியில் சேர்க்கிறது.

வருகைப் பதிவேட்டுக்கும் விலை உண்டு

தொண்டர்கள் காலையில் வந்ததும் ஒரு தாளில் பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சம்பிரதாயமாகத் தெரியும் இந்தத் தாள் உள்ளூர் நிர்வாகத்துக்குப் பணம்.

அமெரிக்காவில் தேசியப் பேரிடராக அறிவிக்கப்பட்டால், குப்பை அகற்றுவது முதல் சாலை சீரமைப்பது வரையிலான பொதுச் செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும். மிச்சத்தை மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் போட வேண்டும். தகுதியுள்ள பணிகளில் தொண்டர்கள் உழைத்த நேரத்தைக் கூலியாக மதிப்பிட்டு அந்த உள்ளூர்ப் பங்கில் கழித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கஜானா காலியான ஒரு சிறு மாவட்டத்துக்கு இது பெரிய ஆறுதல். யாரிடமும் சொல்லாமல் வந்து, எங்கும் பதியாமல் வேலை பார்த்துவிட்டுப் போனவரின் உழைப்பு இந்தக் கணக்கில் ஏறாது.

மூட்டை செய்யும் சேதம்

இனி மறுபக்கம். 1998இல் மிட்ச் சூறாவளி மத்திய அமெரிக்காவைச் சூறையாடி 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அப்போது ஹொண்டூரஸில் நிவாரண விமானம் இறங்க முடியாமல் தவித்த கதையை, அமெரிக்க அரசின் சர்வதேசப் பேரிடர் தகவல் மையத்தை நடத்திய ஹுவானிட்டா ரில்லிங் பின்னாளில் சொன்னார். இறங்க விடாமல் ஓடுபாதையை அடைத்துக் கிடந்தவை நன்கொடைத் துணிகள். நிவாரணம் வானத்தில், துணி தரையில். நிவாரணத் துறையினர் இதை 'இரண்டாவது பேரழிவு' என்றே குறிப்பிடுகிறார்கள்.

தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அவர் கணக்குச் சொன்னார். 40 ஆயிரம் பேர் ஒரு நாள் குடிக்க ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். அதை அமெரிக்காவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப ஏறக்குறைய 3 லட்சம் டாலர் செலவாகும். அங்கேயே சுத்திகரிப்புக் கருவி வைத்து எடுத்தால் 300 டாலர்.

மருந்தில் விளையாட்டே கூடாது. 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்தின்போது உலகமே போட்டி போட்டு அனுப்பிய மருந்தும் மருத்துவப் பொருள்களும் சுமார் 5,000 டன். உடனே பயன்படுத்தக்கூடிய நிலையில் இருந்தவை 30 சதவீதம் மட்டுமே. என்ன வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே 50 பேருக்கு 6 மாதம் பிடித்தது. இதுபோன்ற அனுபவங்களுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்து நன்கொடைக்கு நெறிமுறை வகுத்தது. பெறுபவர் கேட்டிருக்க வேண்டும், அந்த நாட்டில் புழக்கத்தில் உள்ள மருந்தாக இருக்க வேண்டும், போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். பெட்டியில் சாம்பிள் மாத்திரை அடைத்துக்கொண்டு கிளம்பும் மருத்துவ ஊழியக் குழுக்கள் இதை முதலில் படிக்க வேண்டும்.

30 ஆயிரம் டாலர் வீடு

ஆள் போவதிலும் கணக்கு இருக்கிறது. மிட்ச் சூறாவளிக்குப் பின் ஹொண்டூரஸில் வீடு கட்டப் போன வட அமெரிக்கச் சபைக் குழுக்களை, அங்கேயே நெடுங்காலம் வாழ்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் ஆராய்ந்தார். அவரும் கிறிஸ்தவர்; கால்வின் கல்லூரிப் பேராசிரியர். விமான டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் ஒரு குழு ஒரு வீட்டுக்குச் செலவழித்தது சுமார் 30 ஆயிரம் டாலர். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே போன்ற வீட்டை 2,000 டாலரில் கட்டியது. ஒரு குழுவின் பயணச் செலவில் இன்னும் பதினான்கு குடும்பங்கள் கூரைக்கடியில் தூங்கியிருக்கலாம். உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் புயலுக்குப் பிறகு மிகவும் தேவைப்பட்ட கூலியும் கிடைத்திருக்கும்.

வந்தவர்களை ஹொண்டூரஸ் குடும்பங்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டை யார் கட்டினார்கள் என்பதால் அவர்களின் வாழ்க்கையில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 'இந்தப் பயணம் எங்களை மாற்றிவிட்டது, இனி அதிகம் கொடுப்போம்' என்று சொன்ன தொண்டர்களின் காணிக்கைக் கணக்கைப் பார்த்தால், அதுவும் பெரிதாகக் கூடவில்லை.

இதை வைத்து யாரும் எங்கும் போகக் கூடாது என்று முடிவு கட்டுவதும் தவறு. லூசியானாவிலோ வட கரோலைனாவிலோ புயலுக்குப் பிறகு தச்சர் கூலி எகிறிவிடும், காப்பீடு இல்லாத முதியவருக்குக் கட்டுப்படியாகாது. அங்கே பக்கத்து மாநிலத்திலிருந்து வேனில் வந்து, தங்கள் படுக்கையையும் சாப்பாட்டையும் தாங்களே பார்த்துக்கொண்டு, சம்பளம் வாங்காமல் சுவர் பூசிக் கொடுப்பவர் வரம். கூலிக்கு ஆள் நிறைய இருந்து கையில் காசு மட்டும் இல்லாத நாட்டுக்கு, விமானம் ஏறிப் போய்ச் செங்கல் அடுக்குவது அந்த ஊராரின் பிழைப்பில் கை வைப்பது.

எல்லையில் நின்ற பேருந்து

பொருளும் பணமும் வீணாவதோடு சேதம் முடிவதில்லை. 2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டி நிலநடுக்கம். 17 நாள் கழித்து, டொமினிக்கன் குடியரசின் எல்லையில் ஒரு பேருந்து தடுத்து நிறுத்தப்பட்டது. உள்ளே 33 குழந்தைகளும் 10 அமெரிக்கர்களும். பெரும்பாலோர் ஐடஹோ மாநில பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். அநாதைக் குழந்தைகளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்கள். எல்லை தாண்டிக் கொண்டுபோக உரிய ஆவணங்கள் இல்லை.

விசாரித்தால், பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ இருவருமோ உயிரோடு இருந்தார்கள். படிப்பும் நல்ல வாழ்வும் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி அவர்களே கையளித்திருந்தார்கள். தொண்டர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார்கள். தலைமை தாங்கியவர் மே மாதம் தண்டனை பெற்று, சிறையிலிருந்த காலம் கழித்துக்கொள்ளப்பட்டு வெளியே வந்தார். பேரிடர் நேரத்தில் குழந்தையைக் குடும்பத்தோடு சேர்த்து வைப்பதே முதல் விதி. அது தெரியாமல் கிளம்பிய இரக்கம், குழந்தைக் கடத்தல் வழக்கில் போய் நின்றது.

ஜெபத்துக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு கோடு

2004 சுனாமிக்குப் பிறகு இந்தப் பிரச்சினை நம் பக்கத்திலேயே வெடித்தது. இலங்கையில் டெக்சாஸ் சபையொன்றின் தொண்டர்கள் நிவாரணத்தோடு மதப் பிரசாரத்தையும் கலந்ததாகச் சர்ச்சை எழுந்தபோது, உள்ளூர்க் கிறிஸ்தவத் தலைவர்களே கவலைப்பட்டார்கள். இந்தோனேசியாவின் ஆச்சேயில் பெற்றோரை இழந்த 300 முஸ்லிம் குழந்தைகளைக் கிறிஸ்தவ இல்லத்தில் வளர்க்கத் திட்டமிட்ட ஓர் அமெரிக்க அமைப்பு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது.

வெளியூர்க் குழு பத்து நாளில் விமானம் ஏறிவிடும். சந்தேகப் பார்வையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியவர்கள் அங்கேயே வாழும் சிறுபான்மைக் கிறிஸ்தவர்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்படுத்திக்கொண்ட நடத்தை விதிகள் இதில் தெளிவானவை. உதவி, தேவையை மட்டுமே பார்த்துத் தரப்பட வேண்டும். ஒரு சமய, அரசியல் நிலைப்பாட்டை வளர்க்க அதைப் பயன்படுத்தக் கூடாது. பல கிறிஸ்தவ அமைப்புகள் இதில் கையெழுத்திட்டிருக்கின்றன. வாளிக்குள் துண்டுப்பிரசுரம் கூடாது என்ற மெதடிஸ்ட் விதி இதோடு பொருந்திப் போகிறது.

நாகையும் குமரியும்

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் கூட்டம் அலைமோதிய காலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் அரசுக் கணக்குப்படி 6,065 பேர் சுனாமிக்குப் பலியானார்கள். அடுத்த சில நாள்களில் நாடெங்குமிருந்து லாரிகள் வந்தன. மீனவக் குடும்பங்கள் தொட மறுத்த பழைய துணிகள் சாலையோரங்களில் சிதறிக் கிடந்ததை அப்போது நாகைக்குப் போன எவரும் மறந்திருக்க முடியாது. எல்லாம் இழந்தவருக்குக் கிழிசலைக் கொடுப்பது உதவியாகத் தெரியவில்லை, அவமானமாகத் தெரிந்தது.

துணியாவது குப்பையில் போய்விட்டது. படகு கடலில் நின்றது. கட்டுமரத்தில் போனவர்களுக்கும் ஃபைபர் படகு கொடுக்கத் தொண்டு நிறுவனங்கள், சமய அமைப்புகள் உட்பட, போட்டி போட்டன. சில ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகள் அதிகமாயின. ஓட்ட ஆளில்லை, பிடிக்க மீனில்லை, சில படகுகளில் தரமும் இல்லை.

யார் வழியாகக் கொடுப்பது என்பதிலும் பாடம் இருந்தது. குமரிக் கரையில் கத்தோலிக்கப் பங்குகளே ஊர் அமைப்பு. கோட்டாறு மறைமாவட்டமும் பங்குத்தந்தையரும் முகாமையும் விநியோகத்தையும் முன்னின்று நடத்தினார்கள். நாகையில் மீனவர் பஞ்சாயத்துகள் வழியாக நிவாரணம் போனது. வேகம் கிடைத்தது, ஆனால் மீன் பிடிக்காத தலித் குடும்பங்களும், கூலித் தொழிலாளர்களும், இருளர்களும் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 'ஊரிடம் கொடுத்தோம்' என்று வெளியூர்த் தொண்டர்கள் நிம்மதியாகத் திரும்பினார்கள். ஊர் என்றால் யார் யார் என்று விசாரித்தவர்கள் குறைவு.

உள்ளூர்த் தேவாலயம் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு 2018 கேரள வெள்ளம் சாட்சி. கடலோரப் பங்குகளிலிருந்து அழைப்பு போனதும் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தார்கள். அரசுக் கணக்குப்படி 669 படகுகள் சுமார் 65 ஆயிரம் பேரை மீட்டன. தங்களுக்குக் கைவந்த தொழிலை, தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில் செய்தார்கள்.

பெட்டிச் செய்தி: கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

• அங்கிருந்து யாராவது கேட்டார்களா? என்ன பொருள், எத்தனை என்று சொன்னார்களா?
• அதே பொருள் அந்த மாவட்டத்துக் கடையில் கிடைக்கிறதா? கிடைத்தால் பணமாக அனுப்புங்கள், கடைக்காரரும் பிழைப்பார்.
• பொருளை இறக்க, பிரிக்க, வைக்க அங்கே ஆளும் இடமும் உண்டா?
• உங்கள் குழுவின் சாப்பாடு, தங்குமிடம், குடிநீருக்கு ஊராரைத் தொந்தரவு செய்யாமல் இருக்க முடியுமா?
• மாவட்ட நிர்வாகத்திடமோ ஒருங்கிணைப்பு மையத்திடமோ பெயர் பதிந்தீர்களா?
• விநியோகப் பட்டியலில் தலித் குடியிருப்பும், தனியாக வாழும் பெண்களும், மாற்றுச் சமயத்தவரும் இருக்கிறார்களா?

நல்ல மனசு மட்டும் போதாது

பேரிடருக்குப் பிந்தைய முதல் வாரத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை, ஒழுங்குக்குத்தான் பஞ்சம். ஆறு மாதம் கழித்து நிலைமை தலைகீழ். அப்போது மூட்டையும் வராது, ஆளும் வர மாட்டார்கள். பூஞ்சை பிடித்த சுவரும், பாதியில் நின்ற கூரையும், கடன்காரரும் மட்டும் இருப்பார்கள். அமெரிக்க அனுபவத்தில் பேர் சொல்லும் சபைகள், ஒரு வேலையை எடுத்து, அமைதியான காலத்தில் பயிற்சி செய்து, அழைத்த பிறகு போய், எல்லோரும் போன பிறகும் தங்கியவை. அவப்பெயர் வாங்கியவை, அழைக்காமல் ஓடி, போட்டோ எடுத்து, பத்தாம் நாள் திரும்பியவை. இரண்டு தரப்புக்கும் நல்ல மனசு இருந்தது.

தமிழகச் சபைகளுக்கும், பங்குகளுக்கும், கோயில், பள்ளிவாசல் இளைஞர் மன்றங்களுக்கும் இது பொருந்தும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் உங்கள் குழு ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கட்டும். சமையலா, சேறு அள்ளுவதா, கிடங்குக் கணக்கா என்று முடிவு செய்து பயிற்சி எடுக்கட்டும். மாவட்ட நிர்வாகத்தின் 1077 எண் எல்லோர் போனிலும் இருக்கட்டும். புயல் வந்ததும் முதலில் அழைத்துக் கேளுங்கள், பிறகு வண்டி பிடியுங்கள். பழைய துணி மூட்டையை மட்டும் தயவுசெய்து கட்டாதீர்கள்.